ஹெல்மெட் காமெரா வந்த வழி

காவேரிப் பாலத்தில் சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். நம்மைத் தாண்டிப் போகும் பைக்குகளில் சில பையன்களின் ஹெல்மெட்டில், தாடைக்கு முன்னால், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். சிலருக்கு அது உச்சந்தலையில், கொண்டை மாதிரி. என்னோடு நடக்க வரும் நண்பர் அதை டார்ச் லைட் என்று நினைத்திருந்தார். அது காமெரா. ஓட்டுகிறவன் எதைப் பார்க்கிறானோ அதையே அதுவும் பார்த்துப் பதிவு செய்துகொண்டே போகும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'காமெரா ஆம்பார்க்கே' என்பார்கள். 'வண்டியில் ஏற்றிக்கொண்ட காமெரா' என்று பொருள். முதலில் கப்பலில் சரக்கு ஏற்றுவதற்கு இருந்த சொல் அது. பேச்சு வழக்கில் அதே சொல்லுக்கு, போலீஸ்காரர் ஒருவனை வேனில் ஏற்றிக்கொண்டு போவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. இந்தக் கட்டுரையில் இரண்டு அர்த்தத்துக்கும் வேலை இருக்கிறது.

இது நேற்று வந்த வழக்கம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். தேடிப் படித்தபோது, சினிமாவுக்கு என்ன வயதோ கிட்டத்தட்ட அதே வயது இதற்கும் என்று தெரிந்தது. லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில். மறு வருஷமே அவர்களுடைய ஆள் அலெக்ஸாந்த்ர் ப்ரோமியோ, வெனிஸ் நகரத்துக் கால்வாயில் ஒரு படகில் காமெராவை வைத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போனார். நிற்கிற காமெரா ஓடுகிறதைப் படம் பிடிக்கும் என்றால், ஓடுகிற காமெரா நிற்கிறதைப் பிடிக்காதா என்பது அவருடைய யோசனை. கரையோரத்து மாளிகைகள் திரையில் நகர்ந்து போயின. அடுத்த ஓரிரு வருஷத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரயில் எஞ்சினின் மூக்கில் காமெராவைக் கட்டிவிட்டார்கள். எஞ்சின் கண்ணில் படாது, தண்டவாளம் மட்டும் நம்மை நோக்கி ஓடிவரும். ஏதோ ஆவி இழுத்துக்கொண்டு போவது போல இருந்ததால் 'ஆவிப் பயணம்' என்றே அந்தப் படங்களுக்குப் பெயர் வந்தது.

இங்கே ஒரு உள்ளூர்ச் சங்கதியைச் சொல்லாமல் போக முடியாது. அந்தக் காலத்துப் படச்சுருள்கள் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போனதற்கு நம் திருச்சிதான் ஒரு முக்கியமான தொடக்கம். 1905-இல் துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே வந்து, திருச்சியில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டவர் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் போட்டுக்கொண்டு வட இந்தியாவரை சுற்றினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்து போன அந்த மனிதரை நினைத்தால், கடைசி இன்கிரிமென்ட் வரை அதே நாற்காலியைத் தேய்த்த எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். படகில் ஏறிய காமெரா, ரயிலில் ஏறிய காமெரா, உயிருள்ள ஒன்றின் மேல் எப்போது ஏறியது? முன்னோடிகளில் முக்கியமானது மனிதன் அல்ல, புறா. ஜெர்மனியில் யூலியஸ் நாய்ப்ரோனர் என்ற மருந்துக்கடைக்காரர் மருந்துச் சீட்டு அனுப்பப் புறா வளர்த்தவர். 1907 வாக்கில் அந்தப் புறாக்களின் மார்பில் அலுமினியக் கவசமும் வாரும் கட்டி, தானே சொடுக்கிக்கொள்ளும் சின்ன காமெராவை மாட்டினார். எடை 75 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார். தலையில் மாட்டவில்லை, மார்பில் மாட்டினார் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

மனிதத் தலைக்குக் காமெரா வந்தது 1960-களில். அமெரிக்காவில் பாராசூட் வீரர்களைப் பற்றி 'ரிப்கார்ட்' என்றொரு டெலிவிஷன் தொடர் வந்தது. வானத்தில் விழுந்துகொண்டிருக்கிற ஒருவனை யார் படம் எடுப்பது? கூடவே விழுகிற இன்னொருவன்தான். அவனுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகையால் பாப் சின்க்ளேர் என்ற வீரர் காமெராவை ஹெல்மெட்டிலேயே பொருத்திக்கொண்டார். அதாவது தலைக்குக் காமெரா போனது விளம்பரத்துக்காக அல்ல, கைக்கு வேறு வேலை இருந்ததால். 1966-இல் ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட் பந்தயத் தடத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் ஹெல்மெட்டில் ஒரு நிக்கான் காமெராவை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படம் இன்றும் சுற்றி வருகிறது. முழு நீள நிக்கான் காமெரா ஐயா, தலையில் செங்கல் வைத்த மாதிரி இருக்கிறது. அதே வருஷம் வந்த 'கிராண்ட் ப்ரீ' படத்தில் (நம் ஈவ் மோந்தான் அதில் உண்டு) பந்தயக் காரின் உடம்பிலேயே காமெராவைப் பொருத்தி எடுத்தார்கள்.

வீடியோ வந்த பிறகும் சிரமம் தீரவில்லை. லென்ஸ் சின்னதாகிவிட்டது, பதிவு செய்யும் கருவி சின்னதாகவில்லை. 1987-இல் மார்க் ஷுல்ஸ் என்ற அமெரிக்கர் மலைச் சைக்கிள் ஓட்டத்தைப் படம் எடுத்தபோது காமெரா ஹெல்மெட்டில், டேப் ஓடும் கருவி முதுகுப்பையில், நடுவில் ஒரு ஒயர். இந்த முதுகுப்பை ஒரு உயிரையே குடித்தது. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில், எண்ணூறு தடவைக்கு மேல் குதித்து அனுபவப்பட்ட ஒரு பாராசூட் வீரர், மாணவர் ஒருவர் குதிப்பதைப் படம் எடுக்கத் தானும் விமானத்திலிருந்து குதித்தார். ஹெல்மெட்டில் காமெரா, முதுகில் கருவி. பாராசூட் மட்டும் இல்லை. முதுகில் பாரம் இருந்ததால் அது இருப்பதாகவே எண்ணிவிட்டார். காமெராவும் கடைசி வரை ஓடியிருக்கிறது. நான் படித்ததிலேயே என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது இந்தச் செய்திதான். படம் எடுக்கும் கவனம், எதற்காகப் படம் எடுக்கிறோமோ அந்த வேலையின் கவனத்தைத் தின்றுவிடும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தெரியாது.

இன்று பையன்கள் வைத்திருக்கும் வகைக்கு வழி போட்டது நிக் வுட்மன் என்ற கலிபோர்னியாக்காரர். கடல் அலையில் பலகை வைத்துச் சறுக்குகிறவர். 2002-இல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கம் போனபோது, அலையின் உள்ளே இருந்து படம் எடுக்க மணிக்கட்டில் காமெராவைக் கட்ட ஒரு பட்டை வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. 2004-இல் விற்ற முதல் காமெராவில் சாதாரண ஃபிலிம் சுருள்தான். பிறகு டிஜிட்டல் வந்தது, தண்ணீர் புகாத கூடு வந்தது, எங்கே வேண்டுமானாலும் ஒட்டும் தாங்கி வந்தது. முதுகுப்பை ஒழிந்தது. எடை நூற்றைம்பது கிராம் அளவுக்கு வந்து நின்றது.

அந்த நூற்றைம்பது கிராம்தான் போன வருஷம் என் வீட்டிலும் பஞ்சாயத்தானது. மகள் வயிற்றுப் பேரன் பைக் வைத்திருக்கிறான். ஹெல்மெட்டில் காமெரா மாட்ட வேண்டும் என்கிறான். அவன் அம்மா கூடாது என்கிறாள். தீர்ப்பு என்னிடம் வந்தது. "தாத்தா, நீங்களே சொல்லுங்க, நூத்தம்பது கிராம் என்ன செஞ்சிடும்?" என்றான். நியாயமான கேள்வி. பதிலைத் தேடத்தான் இத்தனையும் படித்தேன்.

பதிலில் ஒரு பாதி பிரெஞ்சுப் பத்திரிகைகளில் கிடைத்தது. 2013 டிசம்பர் 29 அன்று, ஆல்ப்ஸ் மலையில் மெரிபெல் என்ற இடத்தில், கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பனிச்சறுக்கும்போது விழுந்து தலை பாறையில் மோதியது. ஹெல்மெட் அணிந்திருந்தார். அது உடைந்தது. அதன் மேல் ஒரு காமெரா இருந்தது. அல்பெர்வில் நகரத்து அரசு வழக்கறிஞர் விசாரணை நடத்தினார். காமெராவில் பதிவான படமே முக்கியமான சாட்சி. வேகம் மிதமிஞ்சியது அல்ல, அடையாளமிட்ட தடத்துக்குச் சில மீட்டர் வெளியேதான் விழுந்தார் என்றெல்லாம் சொல்ல அது உதவியது. அதே சமயம் அந்தக் காமெராவையே சந்தேகித்து, ஹெல்மெட்டை அது பலவீனப்படுத்தியதா என்று ஷாமொனியில் உள்ள தேசியப் பனிச்சறுக்குப் பள்ளியில் சோதனை செய்தார்கள். சாட்சியும் அதுவே, குற்றம் சாட்டப்பட்டதும் அதுவே. நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு ஃபைல் வந்திருந்தால் எந்தக் கட்டில் வைப்பது என்று தெரியாமல் முழித்திருப்பேன். 2014 பிப்ரவரியில் யார் மீதும் குற்றம் இல்லை என்று விசாரணையை முடித்தார்கள். அந்த அக்டோபரில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் வானொலியில், காயத்துக்குக் காரணம் காமெராதான் என்கிற மாதிரிச் சொல்லப்போக, காமெரா கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அது என் சொந்தக் கருத்து என்று பிறகு அவர் விளக்கம் கொடுத்தார்.

ஆக, அந்த விபத்தில் காமெராதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகம் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே தெர்மோகோல் போன்ற நுரை. அடிபடும்போது நுரை நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஓடு இரண்டு வேலை செய்கிறது. ஒரே புள்ளியில் விழும் அடியைப் பரவலாக்குகிறது. வழுவழுப்பாக இருப்பதால் தரையில் சறுக்கியும் போகிறது. சறுக்கினால் தலை திரும்பாது. துருத்தி நிற்கிற ஒன்று தரையில் மாட்டினால் உடம்பு ஒரு பக்கம் போக, தலை ஒரு பக்கம் திருகும். கழுத்தும் மூளையும் தாங்காதது அந்தத் திருகலைத்தான். விழுகிற வேகத்தில் நூற்றைம்பது கிராம் பெரிய விஷயமில்லை, அது ஓட்டிலிருந்து மூன்று விரல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே விஷயம். நல்ல தாங்கிகள் அடி பட்டதும் கழன்று விழும்படி ஒட்டப்படுவது இதற்காகத்தான். அதை நம்பாமல், ஓட்டில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குகிறவர்களை என்ன சொல்வது! ஹெல்மெட்டுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 4151 என்று தரம் வைத்து முத்திரை குத்துகிறார்கள். துளை போட்ட நிமிஷத்தோடு அந்த முத்திரை வெறும் ஸ்டிக்கர்.

தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து ஹெல்மெட் கட்டாயம் என்று உயர் நீதிமன்ற உத்தரவின்படி கெடுபிடி வந்தது நினைவிருக்கும். அந்த வாரம் கடைகளில் நின்ற கூட்டம் தீபாவளிக்குக்கூட நின்றதில்லை. கேரளாவில் 2022 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போய், ஹெல்மெட்டில் காமெரா பொருத்துவதே கூடாது, மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம், லைசென்ஸும் நிறுத்தி வைக்கப்படும் என்று போக்குவரத்துத் துறை அறிவித்தது. பையன்கள் கொதித்தார்கள். விபத்து நடந்தால் யார் மேல் தப்பு என்று காட்ட எங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி இதுதானே என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. லாரிக்காரனுக்கும் பைக்காரனுக்கும் தகராறு வந்தால் கூட்டம் யார் பக்கம் சேரும் என்பது அன்றைய மூடைப் பொறுத்தது.

பதிலின் இன்னொரு பாதி கிராமில் அளக்க முடியாதது. 1976-இல் க்ளோத் லெலூஷ் என்ற பிரெஞ்சு டைரக்டர் ஒரு காரின் முன்பக்கம் காமெராவைக் கட்டி, விடியற்காலையில் பாரிஸ் நகரத்துக்குக் குறுக்கே மோன்மார்த்ர் குன்று வரை ஒரே மூச்சில் ஓட்டி எடுத்தார். எட்டு நிமிஷத்துச் சொச்சம். சிவப்பு விளக்கு எதற்கும் நிற்கவில்லை. நடைபாதையில் பெண்கள், தெருவில் புறாக்கள், குப்பை வண்டி எல்லாம் தப்பிக்கின்றன. ஓட்டியது ஒரு பெரிய மெர்செடிஸ், கேட்பது ஃபெராரியின் சத்தம், பிறகு சேர்த்தது. உலகம் முழுக்க இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நானும் ரசித்துத்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை பார்த்தபோது அந்த நடைபாதைப் பெண்களின் பக்கம் நின்று பார்த்தேன், பிடிக்கவில்லை. படம் எடுக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்த விளக்குகள் மீறப்பட்டன.

நம் பக்கத்துக் கதைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே, லட்சக்கணக்கான பேர் பின்தொடரும் ஒரு கோவைப் பக்கத்து யூடியூப் இளைஞர் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டி விழுந்தார். கைதானார், லைசென்ஸ் பத்து வருஷத்துக்குப் போனது. அதே வருஷம் தீபாவளிக்கு நம் திருச்சி மாவட்டத்தில் பைக்கின் முன்னால் வாணத்தைக் கட்டி, வெடிக்க வெடிக்க முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய காட்சி நாடு முழுவதும் சுற்றியது. போலீஸார் பல பேரை வேனில் ஏற்றினார்கள். ஆம்பார்க்கே! கவனித்தால், அந்தக் காட்சியை எடுத்தது ஹெல்மெட் காமெரா அல்ல, தள்ளி நின்ற இன்னொருவர். ஹெல்மெட் காமெராவில் ஓட்டுகிறவனின் சாகசம் தெரியாது, கை இரண்டும் தெருவும்தான் தெரியும். தன்னைக் காட்ட ஆசைப்படுகிறவனுக்கு அது போதாது. ஆக, இந்தப் பெட்டியின் மேல் எல்லாப் பழியையும் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஒரு தந்திரம் மட்டும் அதற்குள் இருக்கிறது. லென்ஸ் மிக அகலமான கோணம் கொண்டது. நடுவில் இருப்பது தூரமாகவும் சின்னதாகவும் தெரியும், ஓரத்தில் இருப்பது பாய்ந்து ஓடும். ஐம்பதில் போனால் எண்பது மாதிரி இருக்கும். பார்க்கிறவன் பிரமிக்கிறான், ஓட்டினவன் அந்தப் பிரமிப்பை உண்மையாக்கப் பார்க்கிறான்.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் கொடுத்த தீர்ப்பு, நாய்ப்ரோனர் புறாவுக்குக் கொடுத்ததுதான். மார்பில் வார் கட்டி மாட்டிக்கொள். தலையில் மாட்டினால் நீ கண்ணாடியைப் பார்க்கத் தலை திருப்பும்போதெல்லாம் படமும் திரும்பும், பார்க்கிறவனுக்குக் குமட்டும். மார்பில் இருந்தால் ஹாண்டில்பாரும் உன் கைகளும் தெரியும், தெரு நேராக வரும். காற்று இரைச்சலுக்குத் தனி மைக்கைச் சட்டைக்குள் விடு. மார்பிலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், குப்புற விழுந்தால் விலா எலும்பு என் பொறுப்பில்லை. வண்டியின் கம்பியிலேயே பிடி போட்டுப் பொருத்தினால் இன்னும் உத்தமம், கொஞ்சம் அதிரும், அவ்வளவுதான். ஓடும்போது அதைத் தொடக்கூடாது. கிளம்பும்போது அமுக்கு, நின்ற பிறகு நிறுத்து. அவன் அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை. ஹெல்மெட்டில் எதுவும் ஒட்டக் கூடாது என்ற வரை இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

எதை எடுப்பது என்று கேட்டான். தினம் போகிற வழியை எடு என்றேன். சிரித்தான். 1906 ஏப்ரல் 14-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் மைல்ஸ் சகோதரர்கள், கம்பிவடத்தால் இழுக்கப்படும் டிராம் வண்டியின் முன்னால் காமெராவைக் கட்டி மார்க்கெட் தெரு வழியே போய்ப் படம் எடுத்தார்கள். சாகசம் ஒன்றும் இல்லை. குதிரை வண்டி, தொப்பி போட்ட மனிதர்கள், குறுக்கே ஓடும் பத்திரிகைப் பையன்கள். நாலு நாள் கழித்து நிலநடுக்கமும் தீயும் அந்தத் தெருவை அழித்துவிட்டன. அந்தப் பதின்மூன்று நிமிஷப் படத்தில்தான் இன்றைக்கு அந்தத் தெரு இருக்கிறது.

நமக்குப் பழைய கொள்ளிடம் பாலம் இருந்தது. 1928-இல் கட்டிய இரும்புப் பாலம். டோல்கேட்டுக்கு எத்தனை தடவை அதில் சைக்கிளில் போயிருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் வெட்டி வெட்டிப் போகும், பஸ் வந்தால் பலகை மாதிரி அதிரும். 2016-இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழையதன் தூண்கள் சரிந்தன, பிறகு மிச்சத்தையும் இடித்தார்கள். கரையில் நின்று எடுத்த போட்டோக்கள் கிடைக்கின்றன. சரிந்து விழுந்ததன் படம் எல்லார் போனிலும் இருக்கிறது. அதன் மேல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை, சைக்கிள் வேகத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிற படம் யாரிடமாவது இருந்தால் அனுப்பி வையுங்கள். பேரனை விட்டு இந்தப் பக்கத்தில் ஏற்றச் சொல்கிறேன்.